முதுநிலை நர்சிங்: சேரும் முன்னே நடக்கும் தவறுகள்

முதுநிலை நர்சிங் படிக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களில் பலர் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போகும், அவ்வளவுதான். கீழே சொல்லியிருப்பவை அதைவிட அதிகம் பிடுங்கிக்கொள்ளும்.

நைட் டியூட்டியிலிருந்து தப்பிக்கச் சேர்வது

வார்டைவிட்டு வெளியேற வேறு வழிகளும் உண்டு. தொற்றுக் கட்டுப்பாடு, தர மேலாண்மை, வெளிநோயாளர் பிரிவு ஆகிய வேலைகளுக்குப் பல இடங்களில் அனுபவமும் குறுகிய பயிற்சியும் போதும். தவிர, கிளினிக்கல் வேலைக்காக, அதாவது நோயாளியை நேரடியாகப் பராமரிக்கும் வேலைக்காக, முதுநிலை முடித்தவர் மறுபடி நோயாளியின் படுக்கை அருகில்தான் நிற்பார். ஐ.சி.யு.வில் வேலை பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனருக்கும் (மேற்படிப்பால் சிகிச்சையில் கூடுதல் பொறுப்பு பெற்ற நர்ஸ்) இரவு டியூட்டி உண்டு.

எந்தப் பிரிவானாலும் முதுநிலைதானே என்று சேர்வது

எத்தனை பேருக்குச் சொன்னாலும் ஓயாமல் நடப்பது இது. நாலைந்து வருடம் ஐ.சி.யு.வில் நன்றாக வேலை பார்த்தவர் ஒருவர் எம்.எஸ்சி. சேரப் போகிறார். மெடிக்கல் சர்ஜிக்கல் (பொது மருத்துவம், அறுவை சிகிச்சை நோயாளிகளுக்கான நர்சிங்) இடங்கள் நிரம்பிவிட்டன, சமுதாய நலப் பிரிவில் இடம் இருக்கிறது. “எல்லாம் எம்.எஸ்சி.தானே” என்று யாரோ சொல்ல, சேர்ந்துவிடுகிறார். படிப்பு முடிந்ததும் கல்லூரியில் காலியாக இருப்பது மெடிக்கல் சர்ஜிக்கல் ஆசிரியர் இடம். அதற்கு இவருடைய பட்டம் பொருந்தாது. சரி, ஐ.சி.யு.வுக்கே திரும்பலாம் என்றால், அங்கே கிடைப்பது பழைய ஸ்டாஃப் நர்ஸ் சம்பளம்.

இந்தியாவில் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு வருடப் படிப்பு. மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் என்று பிரிவுகள். எடுத்த பிரிவு கடைசிவரை கூடவே வரும். படித்தவர்களில் பலர் போய்ச் சேருவதும் கற்பித்தலில்தான். நோயாளியின் அருகிலேயே கூடுதல் பொறுப்போடு இருக்க விரும்புகிறவர், இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பையும் பார்க்க வேண்டும். அதுவும் இரண்டு வருடம், ரெசிடென்சி முறை, அதாவது பெரும்பகுதி மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே படிப்பது. ஆனால் அந்தப் பெயரில் பதவி வைத்திருக்கும் மருத்துவமனை எது, சம்பளம் என்ன என்று விசாரிக்காமல் அதிலும் கால் வைக்காதீர்கள்.

அமெரிக்காவில் இதே தவறு வேறு மாதிரி நடக்கிறது. அங்கே நர்ஸ் பிராக்டிஷனருக்கான சான்று, எந்த வயதினர், எந்த வகைப் பராமரிப்பு என்று பிரித்துத் தரப்படுகிறது. குடும்ப நலப் பிரிவு ஆரம்ப நிலை சிகிச்சைக்கானது. இடம் எளிதாகக் கிடைக்கிறதே என்று அதை முடித்துவிட்டு ஐ.சி.யு. வேலைக்குப் போனால், பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சைச் சான்று எங்கே என்று கேட்பார்கள். முதுநிலைக்குப் பிந்தைய சான்றிதழ்ப் படிப்பு, புதிதாகக் கிளினிக்கல் மணிநேரங்கள், இன்னொரு தேர்வு என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டும். மயக்கவியல் நர்ஸ் ஆக ஒருகாலத்தில் முதுநிலை போதுமாக இருந்தது. 2022 முதல் சேர்கிறவர்களுக்கு முனைவர் நிலைப் படிப்பு கட்டாயம். சீனியர் சொன்னார் என்று கிளம்புகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இந்திய எம்.எஸ்சி.யை வைத்து அங்கே நேரே நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாம் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். என்கிளெக்ஸ் என்ற அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வை எழுதிப் பதிவு பெற்ற நர்ஸ் ஆகலாம். அதற்கு உங்கள் அடிப்படை நர்சிங் படிப்பைத்தான் பார்ப்பார்கள்.

எனவே வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். போக விரும்பும் வேலைக்கான மூன்று விளம்பரங்களை எடுத்து, தகுதி வரியைக் கோடிடுங்கள். வெறும் “முதுநிலை” என்றிருக்கிறதா, பிரிவின் பெயர் இருக்கிறதா, தனிச் சான்று கேட்கிறார்களா? அடுத்து, அந்த ஊர் நர்சிங் கவுன்சில் இந்தப் படிப்பை ஏற்கிறதா என்று எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். கல்லூரியைத் தேடுவது அதற்கப்புறம்.

செலவு என்றால் கட்டணம் மட்டும் என்று நினைப்பது

வேலையை விட்டுப் படித்தால் இரண்டு வருடச் சம்பளமும் செலவுதான். மாதச் சம்பளத்தையே அலகாக வைத்துப் பாருங்கள்: இழப்பு 24 மாதச் சம்பளம், கட்டணம் 10 மாதச் சம்பளத்துக்குச் சமம் என்றால் மொத்தம் 34. படித்தபின் சம்பளம் 40 சதவீதம் கூடினால் 34-ஐ 0.4-ஆல் வகுக்க 85 மாதம், அதாவது ஏழு வருடத்தில் போட்டது திரும்பும். 15 சதவீதம் மட்டுமே கூடினால் ஏறக்குறைய பத்தொன்பது வருடம். கடன் வட்டி இதில் சேரவில்லை. நாற்பத்தைந்து வயதில் சேர்கிறவர் இந்தக் கணக்கைப் போடாமல் கையெழுத்திடக் கூடாது. ஆசைக்குப் படிப்பவருக்குக் கணக்கு வேண்டாம், ஆனால் ஆசைக்குத்தான் என்று தெரிந்தே படிக்கட்டும்.

பி.எஸ்சி. முடித்த கையோடு

இந்தியாவில் ஒரு வருட அனுபவம் கேட்கிறார்கள். அது வார்டுகளைச் சுற்றிப் பார்க்கவே சரியாகப் போகும். எடுக்கப்போகும் பிரிவிலேயே இரண்டு மூன்று வருடம் இருந்தால்தான், அந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியும்.

தோழி சேர்கிறாள் என்பதற்காக

வேண்டாம்.

தீசிஸைக் கடைசிக்குத் தள்ளுவது

ஆய்வு நோயாளிகளுக்குப் பாதகமில்லையா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே மாதங்கள் ஆகலாம். உங்கள் வார்டில் கிடைக்காத நோயாளிகளை நம்பித் தலைப்பு வைக்காதீர்கள்.

பகுதி நேரம் என்றால் சுலபம் என்று எண்ணுவது

வகுப்பு ஆன்லைனில் நடக்கலாம், கிளினிக்கல் மணிநேரம் நடக்காது. அமெரிக்க நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகளுக்கான 2022 தர வரையறை, நேரடிப் பராமரிப்பில் குறைந்தது 750 மணி கேட்கிறது. வாரம் 16 மணி ஒதுக்கினால் 47 வாரம். முழுநேர டியூட்டியோடு இதைச் சேர்த்தால் வாரத்தில் ஓய்வு நாளே மிஞ்சாது. எனவே சேருமுன் கல்லூரியிடம் கேட்க வேண்டியது: கிளினிக்கல் வழிகாட்டியை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா, மாணவரே தேட வேண்டுமா? மாணவரே தேட வேண்டிய படிப்பில், வழிகாட்டி கிடைக்காமல் ஒரு செமஸ்டர் முழுவதும் காத்திருப்பவர்கள் உண்டு. கிடைத்தபின், பயிற்சி மணிகளைக் குறிக்கும் லாக் புத்தகத்தில் அன்றன்றே அவரிடம் கையெழுத்து வாங்கி, நகல் எடுத்து வையுங்கள். வழிகாட்டி வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த மணிகளை நிரூபிப்பது பெரும்பாடு.