லீஸ்ஹோல்ட் ஃபிளாட் வாங்குமுன் லீஸ் பத்திரத்தை நீங்களே எடுத்துப் படிப்பது எப்படி?

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஃபிளாட் வாங்கப்போகிறவர்களுக்கான பதிவு இது. ஸ்காட்லாந்தில் பதிவகமும் சட்டமும் வேறு. ஃப்ரீஹோல்டுக்கும் (நிலமும் கட்டடமும் காலவரம்பின்றிச் சொந்தம்) லீஸ்ஹோல்டுக்கும் (குறித்த ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை) உள்ள வித்தியாசம், மார்ட்கேஜ், சொலிசிட்டர் வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

‘அதெல்லாம் சொலிசிட்டர் பார்த்துக்கொள்வார்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பார்ப்பார். ஆனால் விலை பேசி முடித்து, சர்வேக்கும் மார்ட்கேஜுக்கும் பணம் கட்டிய பிறகுதான் பார்ப்பார். அந்த விலை சரியா என்பதைச் சொல்வதே லீஸ் பத்திரம்தான். அதனால் விலை பேசுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

படி 1: டைட்டில் ரெஜிஸ்டர் (சொத்தின் உரிமைப் பதிவேடு)

கவ் டாட் யூகே (gov.uk) என்ற அரசுத் தளத்துக்குள் போய், எச்.எம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் (அரசின் சொத்துப் பதிவகம்) சொத்துத் தேடல் பக்கத்தைப் பிடியுங்கள். கூகுளில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் விளம்பரமாக மேலே வரும். அதே காகிதத்துக்குப் பல மடங்கு வாங்குவார்கள். அரசுத் தளத்தில் ரெஜிஸ்டர் 7 பவுண்ட், வரைபடம் 7 பவுண்ட். (2024 டிசம்பர் வரை 3 பவுண்டாக இருந்தது, பழைய கட்டுரைகளில் அந்தத் தொகையைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.)

போஸ்ட்கோட் போட்டதும் ஒரே முகவரிக்கு ஃப்ரீஹோல்ட், லீஸ்ஹோல்ட் என்று இரண்டு பதிவுகள் வரலாம். இரண்டுக்கும் தனித்தனி டைட்டில் எண். நீங்கள் வாங்கப்போவது லீஸ்ஹோல்ட், அதனால் முதலில் அதை எடுங்கள். ஃப்ரீஹோல்டையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. கட்டடத்துக்கு உண்மையான உரிமையாளர் யார், அதன்கீழ் வேறு யார் யாருக்கு லீஸ் இருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

ரெஜிஸ்டரில் மூன்று பகுதிகள் இருக்கும். ஏ பகுதியில் சொத்தும் லீஸின் சுருக்கமும். பி பகுதியில் உரிமையாளர் பெயர். விற்பவர் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சி பகுதியில் மார்ட்கேஜ் போன்ற கடன்கள். ஊரில் வில்லங்கச் சான்று பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த மூன்றாவது பகுதி உடனே பிடிபடும். பி பகுதியில் ‘ரெஸ்ட்ரிக்‌ஷன்’ என்று ஒரு பத்தி இருந்தால் தாண்டிப் போகாதீர்கள். பெரும்பாலும், கட்டடத்தைப் பராமரிக்கும் நிர்வாக நிறுவனம் சான்று கொடுத்தால்தான் உங்கள் பெயரில் பதிய முடியும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சான்றுக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் ஆகும் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

படி 2: மீதி எத்தனை ஆண்டு?

ஏ பகுதியில் இரண்டு தேதிகள் இருக்கும்: லீஸ் கையெழுத்தான தேதி, லீஸ் காலம் தொடங்கும் தேதி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டடத்தில் உள்ள எல்லா ஃபிளாட்டுக்கும் ஒரே தொடக்கத் தேதியை வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக ஆண்டுக்கணக்கில் விற்பார்கள். மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 ஆகிய தேதிகளைக் கண்டால் அது பெரும்பாலும் காலம் தொடங்கும் தேதி. பழைய காலாண்டு வாடகை நாட்கள் அவை.

ஓர் எடுத்துக்காட்டு. கையெழுத்து 2009 நவம்பர் 2. காலம் ‘2006 ஜூன் 24 முதல் 99 ஆண்டுகள்’. 2026 தொடக்கத்தில் கணக்குப் பார்த்தால், கையெழுத்துத் தேதியிலிருந்து எண்ணுகிறவருக்கு 82 ஆண்டு மீதி என்று வரும். உண்மையில் 2105 ஜூனில் முடிகிறது, மீதி 79 ஆண்டு சொச்சம்தான். இந்த மூன்று ஆண்டு வித்தியாசம் பெரிய விஷயம். 80 ஆண்டுக்குக் கீழே போய்விட்டால், லீஸை நீட்டிக்கும்போது ‘மேரேஜ் வேல்யூ’ என்ற தொகையில் (நீட்டிப்பதால் கூடும் மதிப்பு) பாதியையும் ஃப்ரீஹோல்ட் உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்பது 1993 லீஸ்ஹோல்ட் சட்டத்தின் விதி. 2024-இன் லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் இதை நீக்க வழி செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பகுதி பகுதியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. அந்தப் பிரிவு அமலில் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் அதை நம்பி விலை பேசாதீர்கள். வாங்கி இரண்டு ஆண்டு காத்திருந்தால்தான் நீட்டிப்பு கேட்கலாம் என்ற பழைய நிபந்தனை மட்டும் 2025 ஜனவரி 31 முதல் இல்லை.

ஏஜெண்ட் விளம்பரத்தில் போட்டிருக்கும் ஆண்டு எண்ணிக்கையை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

படி 3: லீஸ் பத்திரம்

ரெஜிஸ்டரில் இருப்பது சுருக்கம்தான். நிபந்தனைகள் எல்லாம் பத்திரத்துக்குள் இருக்கின்றன. அதன் நகலுக்கு ஓசி2 என்ற படிவத்தை நிரப்பி, கட்டணத்தோடு லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்குத் தபாலில் அனுப்பலாம். படிவத்தில் டைட்டில் எண்ணும் பத்திரத் தேதியும் கேட்பார்கள்.

நாங்கள் ஒரு ஃபிளாட்டுக்கு இதைச் செய்தபோது சிக்கல் வந்தது இந்தப் படியில்தான். கேட்ட நகல் வந்தது, ஆனால் சில பக்கங்களே இருந்தன. பழுது பார்ப்பது யார் பொறுப்பு, சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புச் செலவு) எப்படிப் பிரிப்பது, எதுவுமே இல்லை. காரணம் இதுதான்: அந்த ஃபிளாட்டின் லீஸ் முன்பே ஒருமுறை நீட்டிக்கப்பட்டிருந்தது. நீட்டிப்பு என்று நாம் சொன்னாலும், சட்டப்படி பழைய லீஸை ஒப்படைத்துவிட்டுப் புது லீஸ் எழுதுகிறார்கள். புதுப் பத்திரத்தில் காலமும் வாடகையும் மட்டும் இருக்கும். ‘மற்ற நிபந்தனைகள் எல்லாம் பழைய லீஸில் உள்ளபடி’ என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். பழைய லீஸுக்கு இருந்த டைட்டில் எண் மூடப்பட்டு, புதிய எண் வந்திருக்கும். புதிய எண்ணைப் போட்டுப் பழைய பத்திரத்தைத் தேடினால் கிடைக்காது.

இதற்கு வழி புதுப் பத்திரத்திலேயே இருக்கிறது. முன்னுரைப் பகுதியில் பழைய லீஸின் தேதி, எழுதிக்கொண்டவர்கள் பெயர், பல நேரம் பழைய டைட்டில் எண்ணும் இருக்கும். அவற்றைப் போட்டு இன்னொரு ஓசி2 அனுப்புங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் விற்பவரின் சொலிசிட்டரிடம் கேட்க வேண்டியதுதான். இரண்டு பத்திரமும் கையில் வரும்வரை லீஸைப் படித்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

இதே போல இன்னொன்று: ஏ பகுதியின் அடியில் ‘லீஸ் நகல் இன்ன எண்ணின்கீழ் கோப்பில் உள்ளது’ என்று ஒரு குறிப்பு இருக்கலாம். அப்படியானால் ஓசி2-வில் அந்த எண்ணைத்தான் போட வேண்டும்.

பழைய பத்திரங்களின் ஸ்கேன் கறுப்பு வெள்ளையில் வருவதுண்டு. ‘சிவப்புக் கோட்டுக்குள் உள்ள பகுதி’ என்று பத்திரம் சொல்லும், வரைபடத்தில் எது சிவப்பு என்றே தெரியாது. வண்ண நகல் இருக்கிறதா என்று கேளுங்கள். பார்க்கிங் இடம் உங்களுடையதா, பொதுவா என்பது பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

படி 4: படிப்பது

அச்செடுத்துப் படியுங்கள். ஸ்கேன் என்பதால் பல கோப்புகளில் சொல் தேட முடியாது. ஃபோனில் படித்தால் கண்தான் வலிக்கும். 2006 ஜூன் 19 முதல் எழுதப்பட்ட லீஸ்களில் முதல் பக்கங்களில் எல்ஆர்1 முதல் எல்ஆர்14 வரை ஒரே ஒழுங்கில் பிரிவுகள் இருக்கும், காலம் எல்ஆர்6-இல். அதற்கு முந்தைய லீஸ் என்றால் பொறுமையாகத் தேட வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது கிரவுண்ட் ரெண்ட், அதாவது ஃப்ரீஹோல்ட் உரிமையாளருக்குக் கட்டும் நில வாடகை. ‘10 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு’ என்றிருந்தால் உடனே கணக்குப் போடுங்கள்: இன்று 250 பவுண்ட் என்றால் 50 ஆண்டில் 8,000. இப்படிப்பட்ட லீஸுக்கு மார்ட்கேஜ் கிடைப்பதும் கடினம், பின்னால் விற்பதும் கடினம். 2022 ஜூன் 30-க்குப் பிறகு எழுதப்பட்ட பெரும்பாலான புது லீஸ்களில் கிரவுண்ட் ரெண்ட் வாங்கவே முடியாது. இதற்கான 2022 சட்டம் அதற்கு முன் எழுதப்பட்டவற்றைத் தொடாது.

அடுத்து உங்கள் பங்குச் சதவீதம். சர்வீஸ் சார்ஜில் உங்கள் ஃபிளாட் எவ்வளவு சுமக்கிறது? பிறகு, ஜன்னல் யார் பொறுப்பு, சுவர் இடிக்க அனுமதி வேண்டுமா, வாடகைக்கு விடலாமா, மரத்தரை போடலாமா, பூனை வளர்க்கலாமா என்று உங்கள் தேவைக்கேற்பப் பாருங்கள். புரியாத பிரிவைக் குறித்து வைத்து, லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் என்ற ஆலோசனை அமைப்பிடம் இலவசமாகக் கேட்கலாம். லீஸ் நீட்டிப்புக்குத் தோராயமாக எவ்வளவு ஆகும் என்று பார்க்கும் கணிப்பானும் அவர்கள் தளத்தில் உண்டு.

படி 5: எல்பிஇ1

இது சொலிசிட்டர் வழியாகத்தான் வரும். நிர்வாக நிறுவனம் நிரப்பித் தரும் கேள்வித்தாள் இது. விற்பவர் பணம் கட்டி வாங்க வேண்டும். தாமதமாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் முதல் வாரத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். மூன்று ஆண்டுச் சர்வீஸ் சார்ஜ் கணக்கு, சேமநிதி இருப்பு, ‘பிரிவு 20’ நோட்டீஸ் ஏதாவது வந்திருக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். ஒரு வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் வரும் பெரிய வேலைக்கு முன் அனுப்ப வேண்டிய நோட்டீஸ்தான் ‘பிரிவு 20’. கூரை மாற்றப் போகிறார்கள் என்றால் அந்தச் செலவை விலையில் பேசிக் குறைக்க இதுதான் நேரம்.

பின்சேர்க்கை 1: ‘ஷேர் ஆஃப் ஃப்ரீஹோல்ட்’ என்று விளம்பரம் செய்த ஃபிளாட்டுக்கும் இது தேவையா என்று கேட்டிருந்தீர்கள். தேவை. கட்டடத்தில் பங்கு இருந்தாலும் உங்கள் ஃபிளாட்டுக்கு ஒரு லீஸ் இருக்கும். அதன் ஆண்டுகள் குறைந்துகொண்டேதான் போகும்.

பின்சேர்க்கை 2: உயரமான கட்டடம் பற்றிக் கேட்டவருக்கு (இது இங்கிலாந்துக்கு மட்டும், வேல்ஸுக்கு இல்லை): 11 மீட்டரோ அதற்கு மேலோ உயரம், அல்லது குறைந்தது 5 மாடி என்றால், 2022-இன் கட்டடப் பாதுகாப்புச் சட்டப்படி ‘லீஸ்ஹோல்டர் டீட் ஆஃப் சர்டிஃபிகேட்’ (லீஸ் வைத்திருப்பவர் கையெழுத்திட்டுத் தரும் சான்று) நகலையும் கட்டட உரிமையாளர் தரும் சான்றையும் கேட்டு வாங்குங்கள். வெளிச்சுவர் மேலுறை (கிளாடிங்) போன்றவற்றில் உள்ள குறைகளைச் சரிசெய்யும் செலவில் எவ்வளவு உங்கள் தலையில் விழலாம் என்பது, 2022 பிப்ரவரி 14 அன்று அந்த ஃபிளாட் யாரிடம், எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. அந்த விவரம் விற்பவரிடம்தான் கிடைக்கும். வாங்கி முடித்த பிறகு அவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு.