கம்மின்ஸ் 6பிடி இன்ஜினை வீட்டு ஷெட்டில் பிரித்துக் கோர்ப்பது

1989 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் டிரக்கில் வந்த 12 வால்வு கம்மின்ஸ் 6பிடி, வீட்டில் வைத்து வேலை பார்க்கத் தோதான இன்ஜின். ஆறு சிலிண்டர், 102 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 120 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 5.9 லிட்டர். பம்ப் முதல் டேப்பெட் வரை எல்லாமே மெக்கானிக்கல். இதே குடும்பத்து இன்ஜின் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸில் தயாராகி டாடா லாரிகளிலும் ஓடியது. இங்கே உள்ள அளவுகள் ராம் வண்டிக்கானவை. வேறு வண்டி என்றால் இன்ஜின் பிளேட்டில் உள்ள சிபிஎல் நம்பருக்குரிய (எந்த பாகங்களோடு கட்டிய இன்ஜின் என்று காட்டும் நம்பர்) அளவைத் தேடிப் பாருங்கள்.

முதலில் வேலை தேவையா என்று உறுதி செய்யுங்கள். ஆயில் குடிக்கிறது என்பதற்காக மட்டும் இன்ஜினை இறக்காதீர்கள். டர்போ சீல் போயிருந்தாலும் ஆயில் குறையும். பிரீதர் குழாயில் பேக் கம்ப்ரஷன் (ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு) பலமாக அடித்து, சூடான ஆயில் பிரஷரும் விழுந்திருந்தால் பிரிக்கலாம். ஐடிலில் 10 பிஎஸ்ஐ, 2,500 ஆர்பிஎம்மில் 30 பிஎஸ்ஐ குறைந்தபட்சம் இருக்க வேண்டும்.

இறக்குவது

இன்ஜின் எடை ஏறக்குறைய அரை டன். இரண்டு டன் என்று எழுதிய ஹாய்ஸ்ட், கையை முழுதாக நீட்டினால் அரை டன்தான் தாங்கும். அதனால் முன் கிரில்லையும் ரேடியேட்டரையும் கழற்றிவிட்டு, கையைக் குட்டையாக வைத்தே தூக்குங்கள். சங்கிலியில் தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையை விடவே கூடாது.

பிரிக்கும்போது மெயின் கேப் (கிராங்கைப் பிடிக்கும் மூடி), கனெக்டிங் ராடு, புஷ் ராடு, டேப்பெட் எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டு வையுங்கள். ராடிலும் அதன் கேப்பிலும் ஒரே நம்பர் குத்தியிருக்கும். ஜோடி மாறினால் பேரிங் சீட் வட்டமாக உட்காராது. டேப்பெட்டுகள் காளான் வடிவில் இருப்பதால் மேலே உருவ வராது. ஸ்டாண்டில் இன்ஜினைத் தலைகீழாகத் திருப்பினால் அவை தம் எடையிலேயே பின்வாங்கிவிடும். கேம் ஷாஃப்ட் நேராக வெளியே வரும்.

அளந்த பிறகே சாமான் வாங்குங்கள்

பலரும் செய்யும் தவறு, பிரிப்பதற்கு முன்பே கிட் வாங்குவது. இந்த பிளாக்கில் தனி லைனர் கிடையாது. பிஸ்டன் பிளாக்கின் இரும்பிலேயே ஓடுகிறது. போர் கேஜை வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, அடி என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளங்கள். 102.116 மி.மீ.க்கு மேல் போனாலோ, வட்டம் 0.038 மி.மீ.க்கு மேல் கோணினாலோ, மேலுக்கும் கீழுக்கும் 0.076 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ போரிங் போட்டே ஆக வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.50, 1.00 மி.மீ. என இரண்டு அளவில் கிடைக்கும். பிஸ்டனை வாங்கி பிளாக்கோடு சேர்த்து லேத்துப் பட்டறையில் கொடுங்கள். கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து போரிங் போடுவதுதான் முறை.

கிராங்கில் பேரிங் ஓடும் வட்டப் பகுதிதான் ஜர்னல். மெயின் ஜர்னல் 83 மி.மீ., ராடு ஜர்னல் 69 மி.மீ. நகத்தை ஓட்டிப் பார்த்து மாட்டினால் கிரைண்டிங்குக்கு அனுப்புங்கள். ஜர்னல் ஓரத்து வளைவைக் கூர்மையாக்காமல் அரைத்திருக்கிறார்களா என்று திரும்ப வாங்கும்போது பார்த்தே தீர வேண்டும். கிராங்க் முறிவது அங்கிருந்துதான். ஹெட்டை பிரஷர் டெஸ்ட் செய்து, இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவில் வெடிப்பு உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பேரிங் தேய்ந்து தூள் ஓடிய இன்ஜின் என்றால் ஆயில் கூலரை மாற்றிவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் அதன் மடிப்புகளில் உலோகத் தூள் தங்கும். புது பேரிங்கை முதல் நாளே அது கீறிவிடும்.

கழுவுவது

வேலையில் பாதி இதுதான். ஹோனிங் (கல்லால் குறுக்குக் கோடு போட்டுத் தேய்ப்பது) முடிந்த போரை டீசலால் மட்டும் துடைத்தால் கல் தூள் குறுக்குக் கோடுகளுக்குள்ளேயே நின்றுவிடும். வெந்நீர், சோப்பு, நைலான் பிரஷ் கொண்டு தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் இன்னும் கழுவ வேண்டும். ஆயில் பாதையின் பிளக்குகளை எல்லாம் கழற்றி நீளப் பிரஷ் விட்டு, காற்று அடித்து, உடனே ஆயில் தடவுங்கள். விட்டால் அரை மணி நேரத்தில் துரு பூக்கும்.

கோர்ப்பது

மெயின் பேரிங்கின் பின்புறமும் அது உட்காரும் இடமும் காய்ந்திருக்க வேண்டும். ஆயில் முன்பக்கத்துக்கு மட்டும், அதுவும் இடைவெளியை அளந்து முடித்த பிறகு. அளக்க, பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெழுகு இழை) வைத்து கேப்பை முறுக்குங்கள், கிராங்கைச் சுற்றாதீர்கள். இடைவெளி மெயினில் 0.119 மி.மீ., ராடில் 0.089 மி.மீ. தாண்டக் கூடாது. முறுக்குவது மூன்று படியாக: மெயின் போல்ட் 60, 119, 176 நியூட்டன் மீட்டர். ராடு போல்ட் 35, 70, 100 நியூட்டன் மீட்டர். பிளாஸ்டிகேஜை எடுத்துவிட்டுக் கடைசியாகக் கோர்க்கும்போது, ஒவ்வொரு கேப்பும் முறுக்கி முடிந்ததும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பில் இறுகியதோ கோளாறு அங்கேதான்.

ரிங்கை முதலில் போருக்குள் தனியாக வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் வாயை (ரிங்கின் இரண்டு முனைக்கு நடுவில் உள்ள இடைவெளியை) அளங்கள். மேல் ரிங் 0.40 முதல் 0.70 மி.மீ., மற்ற இரண்டும் 0.25 முதல் 0.55 மி.மீ. இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும், போரைக் கிழிக்கும். ‘டாப்’ என்ற எழுத்து மேலே, வாய்கள் 120 டிகிரி தள்ளி, பிஸ்டனில் உள்ள ‘ஃபிரண்ட்’ குறி முன்பக்கம்.

டைமிங் கவரை மூடும் முன் ஒரு முக்கியமான வேலை. கியர் ஹவுசிங்கை பிளாக்கில் நிறுத்தும் சின்ன டோவல் பின், அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே வந்து கியருக்குள் விழும். கியர் பல், ஹவுசிங், சில சமயம் பிளாக்கே போய்விடும். ஒரு சிறு தகட்டுத் துண்டைப் பக்கத்து போல்டில் மாட்டி அதன் முகத்தை மறையுங்கள். கிராங்க், கேம் கியர் குறிகள் நேருக்கு நேர் சேர வேண்டும். டீசல் பம்ப் பி7100 வகை என்றால் அதன் ஷாஃப்ட் கூம்பையும் கியரின் உள்பக்கத்தையும் பிரேக் கிளீனரால் சுத்தமாகத் துடைத்த பிறகே மாட்டுங்கள். ஒரு துளி ஆயில் இருந்தாலும் கியர் நழுவி டைமிங் மாறும்.

ஹெட் போல்ட் 26. வரிசை நடுவிலிருந்து வெளியே. எல்லாம் 90 நியூட்டன் மீட்டர், ராக்கர் வழியாகப் போகும் ஆறு நீள போல்ட் 120, பிறகு ஒவ்வொன்றும் 90 டிகிரி திருப்பு. டேப்பெட் இடைவெளி இன்லெட் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ., இன்ஜின் குளிர்ந்த நிலையில். முதல் சிலிண்டர் ஃபயரிங் டிடிசியில் (எரியும் நேரத்தில் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) இருக்கும்போது 1, 2, 4 இன்லெட்டையும் 1, 3, 5 எக்ஸாஸ்ட்டையும் சரிசெய்யுங்கள். டைமிங் பின்னை (அந்த நிலையைக் காட்டக் கியரில் நுழையும் சிறு பின்) வெளியே இழுத்துவிட்டு கிராங்கை ஒரு சுற்று சுற்றியதும் மீதி ஆறையும்.

முதல் ஸ்டார்ட்

ஆயில் ஃபில்டரை நிரப்பி மாட்டி, டர்போவின் ஆயில் வாயிலும் கொஞ்சம் ஊற்றுங்கள். ஃபில்டரோடு 10.4 லிட்டர் 15டபிள்யூ-40. ஷட்-ஆஃப் சோலனாய்டின் (டீசலை நிறுத்தும் மின் கருவி) வயரைக் கழற்றிவிட்டு, கேஜில் பிரஷர் ஏறும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள். பிறகே டீசல் விடலாம். ஏர் வாயை மூட ஒரு தடித்த பலகை கையருகே இருக்கட்டும். கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பம்ப் பாகம்) சிக்கி ஆர்பிஎம் எகிறினால் சாவியால் நிற்காது. கையால் பொத்த முயலாதீர்கள்.

ஸ்டார்ட் ஆன பின் நெடுநேரம் ஐடிலில் விடக் கூடாது. பாரம் இல்லாமல் ஓடினால் ரிங் போரில் படியாது. போர் பளபளத்துப்போய் மறுபடி ஆயில் குடிக்கும். சூடானதும் ரோட்டில் எடுத்து, மிதமான பாரத்தில் ஏற்ற இறக்கமாக ஓட்டுங்கள். 800 கி.மீ. ஆனதும் டேப்பெட்டை மறுபடி பார்த்து, ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்துப் பேப்பரை விரித்துப் பாருங்கள். கருப்பாக, கொஞ்சம் இரும்புத் தூளோடு இருந்தால் பயமில்லை. செம்பு நிறத்தில் மின்னினால் வண்டியை எடுக்காமல் சம்ப்பைக் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றுங்கள்.