விலைப்பட்டியலைப் படமாகப் போடாதீர்கள்

அச்சடித்த விலைப்பட்டியலை அப்படியே போட்டோ எடுத்துக் கடை வெப்சைட்டில் ஏற்றிவிடுகிறார்கள், ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தை வைத்து கூகுள் தேடலில் உங்கள் கடை வரும் என்று நம்ப முடியாது, போனில் பெரிதாக்கினால் மங்கும், பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரும் அதைச் சரியாக வாசிக்கும் என்று சொல்ல முடியாது. எழுத்தாகவே டைப் செய்யுங்கள். வாடிக்கையாளர் கடைக்கு வந்து எந்தச் சொல்லில் கேட்கிறாரோ அதே சொல்லில், 'தரமான சேவை' போன்ற வெற்று வரிகளுக்குப் பதிலாக அளவு, விலை, டெலிவரி செய்யும் ஊர்கள் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். பிரவுசர் டேபில் தெரியும் பக்கத்தின் தலைப்பு வெறும் 'ஹோம்' என்று இருந்தால் மாற்றி, கடைப் பெயரோடு ஊரையும் விற்கும் பொருளையும் சேருங்கள். அப்புறம், தொட்டால் அழைப்பு போகிற மாதிரி போன் நம்பரை லிங்க் ஆக்குங்கள். தீபாவளி ஆஃபர் பொங்கலுக்கும் முகப்பில் கிடந்தால், மற்ற விலைகளும் பழசோ என்று சந்தேகம் வரும், முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.