கேம்கார்டர் காட்சிகளைத் தொகுக்கும் முன்

ஆடிப்பெருக்கன்று திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் எடுத்த காட்சிகளைத் தொகுக்க அமர்ந்தபோது, பெண்கள் காதோலை கருகமணியை ஆற்றில் விடும் இடத்தை வெட்ட முயன்ற ஒவ்வொரு முறையும் படம் உறைந்து நின்றது. கணினியின் வேகம் மட்டும் அதற்குக் காரணமன்று. 2006இல் சோனியும் பானசோனிக்கும் அறிமுகப்படுத்திய ஏவிசிஎச்டி என்னும் கேம்கார்டர் பதிவு முறையில் சில ஃபிரேம்கள் (காணொளியின் தனித்தனிப் படங்கள்) மட்டுமே முழுப் படமாகப் பதிவாகின்றன. மற்றவை முன்பின் ஃபிரேம்களிலிருந்து மாறியதை மட்டும் குறித்துவைப்பதால், ஓரிடத்தில் நிறுத்தினாலே மென்பொருள் பல ஃபிரேம்களை விரித்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

ஆகவே மெமரி கார்டின் கோப்புறை முழுவதையும் முதலில் அப்படியே நகலெடுத்துவிட்டு, அதிலுள்ள எம்டிஎஸ் என்னும் காணொளிக் கோப்புகளை இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் கொண்டு, ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்டி வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஃபிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை மட்டும் மாற்றாதீர்கள். ஓடும் நீரின் விளிம்பில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால், ஒன்றுவிட்டொரு வரியாகப் பதிவான படத்தை முழுப் படமாக்கும் டிஇன்டர்லேஸ் செய்வது அவசியம்.

24 எம்பிபிஎஸ் (நொடிக்கு 24 மெகாபிட்) வேகத்தில் எடுத்த ஒரு மணி நேரப் பதிவு சுமார் 11 ஜிபிதான். அதுவே முழு எச்டியில் நொடிக்கு 25 ஃபிரேம் கொண்ட புரோரெஸ் 422 ஆக மாறும்போது ஏறத்தாழ 55 ஜிபி ஆகிவிடும். இதனால் படத்தின் தரம் கூடுவதில்லை, தொகுப்புதான் எளிதாகிறது. எனவே தனி ஹார்டு டிஸ்க் ஒன்றை ஒதுக்கிவையுங்கள். மூலக் கோப்புகளை எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம்.