குளிர்கால வானம் பார்க்கும்போது லென்ஸைத் துடைக்காதீர்கள்

போன வாரம் என்னோடு வானம் பார்க்க வந்த புதியவர், பைனாகுலரில் பனி படிந்ததும் மப்ளர் நுனியால் பரபரவென்று தேய்த்தார். எனக்குப் பல் கூசியது. நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன். நிலா இல்லாத இரவாகப் பாருங்கள், செல்போன் வெளிச்சம் கூடாது என்பதையெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். மற்ற தவறுகளை நான் சொல்கிறேன்.

பனியைத் துடைப்பது

திறந்த வானத்தைப் பார்த்தபடியே இருக்கும் லென்ஸ் தன் சூட்டை இழந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உடனே ஈரம் படியும். துடைத்தாலும் கண்ணாடியின் குளிர் போகாது, கொஞ்ச நேரத்தில் மறுபடி படியும். ஆனால் லென்ஸில் இருக்கும் தூசி துணியோடு சேர்ந்து உப்புத்தாளாக வேலை செய்துவிடும்.

என் முதல் 10×50 பைனாகுலரை (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ்) ஒரே இரவில் நாலு தடவை சட்டையால் துடைத்தேன். காலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், லென்ஸின் மேல்பூச்சு முழுக்க வட்டவட்டமாகக் கீறல். அதன்பின் சிரியஸ் நட்சத்திரத்தைப் பார்த்தாலே சுற்றிலும் மங்கலாக ஒரு ஒளிவட்டம். பழுது பார்ப்பவர், "புதுசே வாங்கிடுங்க" என்றார். அது இன்னும் அலமாரியில் கிடக்கிறது. கண்ணில் படும்போதெல்லாம் எரிச்சல்தான்.

கறுப்புச் சார்ட் தாளைச் சுருட்டி, லென்ஸ் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் குழலாக மாட்டுங்கள். பார்க்காத நேரத்தில் லென்ஸ் தரையை நோக்கியே இருக்கட்டும். அப்படியும் படிந்தால் தானாகக் காய விடுங்கள். அப்புறம், வீட்டுக்குள் நுழையும் முன்பே பையில் வைத்து மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அறையின் வெதுவெதுப்பில் மொத்தக் கருவியும் வியர்த்துவிடும்.

நெபுலாவை முறைப்பது

ஓரியன் (வேட்டைக்காரன்) நட்சத்திரக் கூட்டத்தின் வாளில் இருக்கும் நெபுலா, அதாவது வாயுவும் தூசியும் கலந்த மேகம், சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. படங்களில் சிவப்பும் ஊதாவுமாகப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குச் சாம்பல் புகைதான் தெரியும். மங்கிய ஒளியை விழித்திரையின் நடுப்பகுதி சரியாக வாங்காது. பார்வையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துப் பாருங்கள். அந்தப் புகை சிறகு விரிக்கும்.

கார்த்திகைக்கு டெலஸ்கோப்

வேண்டாம். பைனாகுலரில்தான் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் முழுதாக அடங்கும்.

கருவியிலேயே மூழ்குவது

2020 பிப்ரவரியில் ஓரியனின் ஒரு தோளில் இருக்கும் திருவாதிரை நட்சத்திரம் வழக்கத்தைவிட வெகுவாக மங்கி, எதிர்த் தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் நட்சத்திரத்தின் அளவுக்கு இறங்கிவிட்டது. அது கக்கிய தூசியே அதை மறைத்தது என்று பின்னால் தெரிந்தது. நானோ முக்காலியின் திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கையில் ஒன்றுமே இல்லாமல் பக்கத்தில் நின்ற பையன்தான் கேட்டான்: "அண்ணே, அந்தச் செவப்பு நட்சத்திரம் ஏன் டல்லா இருக்கு?"