பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது சத்து மாத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்குத் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் போய்வரும் நம்மவர் வீடுகளில், கீமோவால் தளர்ந்தவருக்குத் தெருமுனை மெடிக்கலில் சீட்டில்லாமலே பி காம்ப்ளெக்ஸ் வாங்கிக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. அன்பினால் செய்வதுதான், ஆனால் கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுபவருக்கு இது தீங்காக முடியலாம்.

கேபசிடபின் உடலுக்குள் ஃபுளோரோயூராசிலாக மாறி, செல்கள் டிஎன்ஏ உருவாக்கத் தேவையான ஒரு நொதியை முடக்குகிறது. பி காம்ப்ளெக்ஸ் பலவற்றில் ஃபோலிக் அமிலமாகச் சேர்க்கப்படும் ஃபோலேட் என்ற பி வைட்டமின் கூடினால் அந்தப் பிடி மேலும் இறுகும். ஃபுளோரோயூராசில் ஊசியுடன் லூகோவோரின் என்ற ஃபோலேட் வகை மருந்தை மருத்துவர்கள் அளந்து கொடுப்பது இதற்காகத்தான். அதே வேலையை அளவில்லாமல் நாமாகச் செய்தால் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் கடுமையாகும். உள்ளங்கையும் பாதமும் சிவந்து, எரிந்து, தோல் உரியும். கடைசியில் மருந்தின் அளவைக் குறைக்கவோ நிறுத்திவைக்கவோ நேரும்.

ஃபோலிக் அமிலம் எதில் இருக்கிறது என்று பார்க்காமலிருப்பது அடுத்த தவறு. இரத்தசோகைக்காக அரசு பெரியவர்களுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. கடைகளில் தனியாகக் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரையோ, பெரியவர்களுக்கான அன்றாட உச்ச வரம்பாகக் கருதப்படும் 1 மில்லிகிராமைப்போல் ஐந்து மடங்கு. ஆகவே அட்டையின் பின்புறம் உள்ள சிறிய எழுத்தைப் படித்துவிட்டு, அட்டையையே மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இதைக் கேட்டுப் பயந்து முருங்கைக்கீரையையும் பருப்பையும் ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டாத பத்தியம். வழக்கமான அளவில் உண்ணும் உணவிலுள்ள ஃபோலேட்டைப் பொதுவாகத் தவிர்க்கச் சொல்வதில்லை. அறுவைக்குப் பின் சில வாரங்கள் நார்ச்சத்தைக் குறைக்கச் சொன்னால், அதன் காரணம் வேறு.

சிகிச்சை முடிந்தபின் "திரும்ப வராமலிருக்க" ஃபோலிக் அமிலம் சாப்பிடுவதற்கும் ஆதாரமில்லை. பின்னாளில் புற்றாக மாறக்கூடிய குடல் கட்டிகள் நீக்கப்பட்டவர்களுக்குத் தினம் 1 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றின் முடிவு 2007இல் வெளியானது. புதிய கட்டிகள் குறையவில்லை.

பி12 கதை வேறு. அது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. வலப்பக்கக் குடல் அறுவையில் அந்தப் பகுதியும் சிறிது போகலாம். சைவ உணவும் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் சேர்ந்தால் குறைபாடு எளிதில் வரும். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து போடுபவருக்குக் கை கால் மரத்துப்போனால் எல்லாவற்றையும் மருந்தின் தலையில் போட்டுவிடாமல், இரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அந்தப் பரிசோதனைக்கு முன் ஃபோலிக் அமிலம் விழுங்கினால், இரத்தசோகை சரியானதுபோல் தோன்ற, பி12 குறைவால் வரும் நரம்புச் சேதம் மறைவாகத் தொடரும்; பி6ஐ அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். குறைபாடு உறுதியானால் பி12 மட்டும் உள்ள ஊசியையோ மாத்திரையையோ கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் மெத்தில்கோபாலமின் (பி12இன் ஒரு வடிவம்) என்று விற்கும் பல மாத்திரைகளில் பி6உம் ஃபோலிக் அமிலமும் கலந்தே இருக்கின்றன.