மாதம் முதலில், ஊர் அப்புறம்

ஐஸ்லாந்துக்கு நான் முதல்முறை போனது ஜூன் மாதத்தில், அதுவும் துருவ ஒளியை (இரவு வானத்தில் ஆடும் அரோரா வெளிச்சத்தை) படம் எடுக்க! படம் எடுக்கிறவர்களிடம் இதைச் சொன்னால், மேற்கொண்டு எதுவும் கேட்காமலே சிரித்துவிடுவார்கள். ஜூனில் அங்கே நள்ளிரவை ஒட்டி மறையும் சூரியன் மூன்று மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிடும். நடுவில் இருட்டு என்று ஒன்று கிடையாது. வானம் இருட்டாமல் துருவ ஒளி எப்படித் தெரியும்? எனக்கு விடுப்பு கிடைத்தது அப்போது, கிளம்பிவிட்டேன், அவ்வளவுதான். எட்டு ராத்திரியும் ஜன்னல் திரையை இழுத்து மூடித் தூங்கப் பார்த்ததுதான் மிச்சம்.

அதற்கப்புறம் பயணத் திட்டத்தைத் தலைகீழாகப் போட ஆரம்பித்தேன். வருடத்துக்கு ஒரு நீண்ட பயணம்தான் என் விடுப்பில் அடங்கும். அது வீணாகாமல் இருக்க நான் செய்வது இது.

முதலில் ஊர்ப் பெயரை மறந்துவிட்டு, எடுக்க விரும்பும் படத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘ஐஸ்லாந்து’ என்பது படம் இல்லை. ‘கறுப்பு மணலில் ஒரு பனிக்கட்டி, அதைச் சுற்றி அலை பின்வாங்குகிற வெள்ளைக் கோடுகள், கட்டிக்குள் காலை வெளிச்சம்’ என்று எழுதினால் அது படம். எழுதியதுமே பாதி வேலை முடிந்துவிடும். இடம், ஐஸ்லாந்தில் பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரிக்கு எதிரே உள்ள கடற்கரை. நேரம், சூரிய உதயம். கேமராவை அசையாமல் தாங்கும் முக்காலி, அதாவது டிரைபாட் வேண்டும். அலை கோடாக விழ, வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் அரை வினாடியிலிருந்து ஒரு வினாடி வரை திறந்திருக்க வேண்டும். கட்டிகள் கரையில் நிறைய ஒதுங்கியிருக்கிற வேளை வேண்டும் என்பதால் கடல் ஓதம் ஏறி இறங்கும் நேரத்தையும் பார்த்துவைக்க வேண்டும்.

அடுத்தது மாதம். பொலிவியாவின் உயுனி உப்புச் சமவெளி 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். வானம் தரையில் அப்படியே தெரிகிற அந்தக் கண்ணாடிப் படம் மழைத் தண்ணீர் மெல்லிசாகத் தேங்கும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் அநேகமாகக் கிடைக்கும். ஜூலையில் போனால் உப்பு காய்ந்து தேன்கூடு மாதிரி அறுகோணங்களாக வெடித்திருக்கும். அதுவும் அழகுதான், ஆனால் அது வேறு படம். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஹார்ஸ்டெயில் அருவி நெருப்பு மாதிரி ஒளிர்வது பிப்ரவரி நடுவிலிருந்து மாதக் கடைசி வரை, அதுவும் சூரியன் மறைவதற்கு முந்தைய சில நிமிடங்கள். மேற்கே ஒரு மேகம் வந்து நின்றால் போச்சு. பால்வீதியின் நடுப்பகுதி தலைக்கு மேலே வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில் சிலியின் அட்டகாமா பாலைவனம், அதிலும் அமாவாசையை ஒட்டி. துருவ ஒளிக்கு நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளோ ஐஸ்லாந்தோ, செப்டம்பர் முதல் மார்ச் வரை.

மாதத்தோடு அட்சரேகையையும் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும், மணிக்கு 15 டிகிரி. கடைசி ஆறு டிகிரியில் கிடைக்கும் பொன்னிற வெளிச்ச நேரத்தைத்தான் நாம் கோல்டன் அவர் என்கிறோம். அங்கே அது 24 நிமிடத்தில் தீர்ந்துவிடும். லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால் இருட்டிவிடும். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட சூரியன் மூன்று டிகிரிக்கு மேல் ஏறாது. பகல் நாலு மணி நேரம்தான், ஆனால் அந்த நாலு மணி நேரமும் சாய்ந்த வெளிச்சம். குளிர் தாங்குமென்றால் டிசம்பரே மேல் என்பது என் கட்சி.

சரி, ஒரே ஓர் இடத்தைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன். நமீபியாவின் டெட்வ்லே. ஆற்றுத் தண்ணீர் வந்துகொண்டிருந்த களிமண் தரை அது. மணல்மேடுகள் வழியை அடைத்ததும் தண்ணீர் நின்றது, மரங்கள் செத்தன. பல நூறு வருடங்களாகியும் அவை மக்கவில்லை. மக்குவதற்குக்கூட ஈரம் வேண்டுமே. கரிக்கட்டை மாதிரி கறுத்து நிற்கின்றன.

எல்லோருக்கும் தெரிந்த படம் எது என்றால், பின்னால் சுவர் மாதிரி ஆரஞ்சு மணல்மேடு, முன்னால் கறுத்த மரங்கள், கீழே நீலம் பாய்ந்த தரை. முதல் நாள் நான் தோற்றேன். டெட்வ்லே இருப்பது ஒரு தேசியப் பூங்காவுக்குள், நான் தங்கியது அதன் எல்லைக்கு வெளியே. பூங்காவின் செஸ்ரியம் வாசல் வெளியாட்களுக்குச் சூரிய உதயத்தில்தான் திறக்கும். உள்ளே தங்குபவர்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே போகலாம். வாசலிலிருந்து 60 கிலோமீட்டர் தார்ச்சாலை, பிறகு ஐந்து கிலோமீட்டர் மணல், பிறகு நடை. நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது தரை முழுக்க வெயில். களிமண் வெள்ளையாகக் கண்ணைக் கூசியது. பரந்த காட்சியை அடக்கும் வைடு ஆங்கிள் லென்ஸில் எடுத்த நூறு படமும் ஒன்று போலச் சப்பென்று இருந்தன.

அன்றைக்கே நானும் என் கணவரும் பூங்காவுக்குள் இருந்த முகாமுக்கு மாறினோம். மறுநாள் தூரத்தை அருகில் இழுக்கும் டெலி லென்ஸ் மட்டும், 70-200 மி.மீ. கிழக்கே உள்ள மணல்மேடு சூரியனை மறைப்பதால் தரை நிழலில் கிடக்கும்போதே எதிரே மேற்குச் சரிவில் வெயில் விழுந்துவிடும். நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது வானம் மட்டும்தான், தரை நீலமாகத் தெரிவது அதனால்தான். வெளிச்ச அளவை வெயில்படும் மணலுக்கு வைத்தேன், மரங்கள் தாமாகக் கறுத்து நின்றன. கேமராவைக் கொஞ்சம் உயரத்தில் வைத்து, மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி தெரியும்வரை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தேன். ஒரு அடி தள்ளினால் இரண்டு மரம் ஒரே புதராகிவிடும். வானத்தைச் சட்டத்துக்குள் விடவே இல்லை. நிழலின் விளிம்பு மரங்களின் காலடிக்கு வருவதற்குள் எனக்கு உருப்படியாகக் கிடைத்தவை ஏழு படங்கள். போதும்.

இதிலிருந்து ஒரு கணக்கு: ஓர் இடத்துக்குக் குறைந்தது மூன்று இரவு. முதல் நாள் தவறான இடத்தில் நிற்போம், இரண்டாம் நாள் வானம் கைவிடும், மூன்றாம் நாள் சில சமயம் நடக்கும். லோஃபோட்டனில் ஹாம்னோய் பாலத்தின்மேல் இரண்டு காலை சாம்பல் மேகத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன். பத்து நாளில் எட்டு ஊர் என்ற திட்டத்தை யாராவது நீட்டினால் ஓடிவிடுங்கள். சூரியன் எந்தத் திசையில் எழும், எந்த மலைக்குப் பின்னால் விழும் என்பதைப் போட்டோபில்ஸ் போன்ற செயலியில் கிளம்புமுன்பே பார்த்துவிடலாம்.

விதிகளையும் அப்படியே பாருங்கள். அமெரிக்காவில் அரிசோனாவின் ஆண்டலோப் பள்ளத்தாக்கு நவாஹோ பழங்குடி மக்களின் நிலம், வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. சாதாரணச் சுற்றில் டிரைபாடும் கூடாது. ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை ஏற்றிக் கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். தாஜ்மகாலிலும் டிரைபாட் கிடையாது, வெள்ளிக்கிழமை விடுமுறை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ட்ரோன் பறக்கவிடத் தடை. மொராக்கோவுக்கு ட்ரோனைக் கொண்டுபோகவே கூடாது.

சாமான் பற்றி நீட்ட மாட்டேன். இரண்டு லென்ஸ், ஒரு டிரைபாட், மூன்று பேட்டரி. உபரி பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழையுமுன் கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க முத்து முத்தாக நீர் கோக்கும். உயுனியில் உப்புத் தண்ணீரில் நின்ற டிரைபாடை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நான் சோம்பலில் விட்டதில் ஒரு கால் இன்றுவரை முழுதாக நீளவில்லை. அங்கே உயரம் சுமார் 3,650 மீட்டர். முதல் இரண்டு நாள் ஓட்டமும் வேண்டாம், பளுவும் வேண்டாம்.

ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரையில் மட்டும் வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். அமைதியாக இருக்கும், திடீரென்று ஓர் அலை எல்லாவற்றையும் தாண்டி ஏறி வரும். அங்கே உயிர் போயிருக்கிறது.

கூட வருபவர் படம் எடுக்காதவரா? அதற்கும் திட்டம் வேண்டும். என் கணவர் டெட்வ்லேயில் இரண்டாம் நாள், “ஏம்மா, இதே மரத்தைத்தானே நேற்றும் எடுத்தாய்?” என்று கேட்டார். இப்போதெல்லாம் விடியலும் அந்தியும் எனக்கு, நடுப்பகல் முழுக்க அவருக்கு என்று பேசி வைத்திருக்கிறோம். நடுப்பகல் வெளிச்சம் எனக்கு எப்படியும் உதவாது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வாக்கியமும் நோட்டில் ஏறிவிட்டது. ‘உறைபனி பூத்த மரங்கள், ஆற்றிலிருந்து எழும் ஆவி, அதற்குள் தூங்கி எழும் செந்தலைக் கொக்குகள்.’ இடம், ஜப்பானின் ஹொக்கைடோவில் த்சுருய் கிராமத்தின் ஒட்டோவா பாலம். மாதம், பிப்ரவரி. விடியற்காலையில் மைனஸ் 20 டிகிரி வரை போகும் என்றதும் அவர் முகம் சுருங்கியது. பக்கத்தில் அகான் ஏரிக்கரையில் வெந்நீர் ஊற்றுகள் இருப்பதைச் சொன்னேன். இப்போது தேதி குறித்துக்கொண்டிருப்பது அவர்தான்.